கரைமேல் கிடைக்கும் டவர்

என் அம்மாவை யாராவது பிடிவாதக்காரி என்று சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான் என்று விட்டுவிடுவேன். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த தை மாதத்தில், அம்மா ஒரு செல்போனுக்கு எதிராகக் கிளம்பினாள். கூடப் பிறந்த தம்பி, எங்கள் தெருப் பெண்கள், பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர், கடைசியில் கடல் கடந்து இருந்த என் அத்தா என்று ஒருவரையும் அவள் விட்டுவைக்கவில்லை. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சண்டையில் நான் அம்மாவுக்கு எதிர்க்கட்சி.

வலங்கைமானிலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆண் சபரில் இருந்தார். வெளிநாட்டுப் பிழைப்புக்கு எங்களுக்குள் அதுதான் பெயர். சிலர் கடையில் நின்றார்கள், சிலர் கட்டட வேலை பார்த்தார்கள், என் அத்தா சவூதியில் பெரிய டிரெய்லர் லாரி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்த முதல் வாரம் எனக்கு வெட்கமாக இருக்கும், அடுத்த வாரம் சண்டை பிடிப்பேன், அதற்கப்புறம் அவர் முதுகில் ஏறி விளையாடும் அளவுக்குப் பழகுவேன். அந்த நேரம் பார்த்து அவர் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்.

அத்தா ஒருமுறை, ஊர் திரும்பிய ஆள் ஒருவர் வசம் அம்மாவுக்கு ஒரு செல்போன் கொடுத்தனுப்பினார். பட்டனை அமுக்கினால் பச்சை வெளிச்சம் வரும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் எங்கள் ஊருக்குள் டவர் கிடைக்கவில்லை. மாடியில் ஏறிப் பார்த்தோம், தென்னந்தோப்பில் நின்று பார்த்தோம், அம்மாவின் தம்பி, என் மாமா, பள்ளிவாசல் மினாராவில் ஏறப் போனார், பாங்கு சொல்லும் மோதினார் விரட்டிவிட்டார். கடைசியில் மாமாதான் கண்டுபிடித்தார். பள்ளிக்கூட வேன் ஊரைத் தாண்டி ஆற்றங்கரைச் சாலையில் ஏறியதும் டவர் கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. மதகு தாண்டிக் கீழே இறங்கியதும் அத்தனையும் போய்விட்டன. அந்த வேனை ஓட்டியவர் மாமா. ஆகவே போன் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

இதிலிருந்து ஒரு ஏற்பாடு தானாக உருவானது. எங்கள் அம்மாக்களுக்கு பஜாரில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. வெள்ளிக்கிழமை சவூதியில் ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு, நம் ஊர்க் கணக்கில் மூன்றரை மணி வாக்கில், ஆண்கள் அந்த பூத்துக்குக் கூப்பிடுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்து பேசுவார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்போம். பிள்ளைகளோடு பேசுவதற்கு இந்த வேன் போன் வாய்த்தது. வெள்ளிக்கிழமை காலையில் வேன் எப்போது கரை ஏறும் என்பது எல்லா அத்தாக்களுக்கும் அத்துப்படி. அங்கே விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் காத்திருந்து, ஒருவர் மாற்றி ஒருவராக அடிப்பார்கள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகவில்லை, கவலையும் கிடையாது. எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் மீடியம் மோகம் பரவத் தொடங்கிய சமயம் அது. சபர் போன வீடுகளெல்லாம் பிள்ளைகளை டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்தன. மாமா கடனில் ஒரு வேன் எடுத்தார். வண்டி ஓட்டுவதில் தனக்கு இணை கிடையாது என்று அவரே சொல்வார், நாங்களும் நம்பினோம். முழங்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கமலா ஆரஞ்சு உரிப்பார். எதிரே வருகிறவரிடம் பேச்சை ஆரம்பித்து, கடந்துபோன பிறகும் தலையை வெளியே நீட்டி மிச்சத்தைப் பேசி முடிப்பார். போன் வந்தால் ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதைக் கவ்விக்கொண்டு கியர் மாற்றி, அப்புறம் பின்பக்கம் திரும்பி உரிய பிள்ளையின் கையில் கொடுப்பார். அவ்வளவையும் வண்டி ஓடும்போதே செய்வார்.

நிறுத்திவிட்டுப் பேசலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. கரை குறுகல். நின்றால் பின்னால் வரும் மினிபஸ் ஹாரன் அடித்தே உயிரை எடுத்துவிடும். பள்ளிக்கூட கேட்டையும் நேரத்துக்குச் சாத்திவிடுவார்கள். தவிர, ஓடுகிற வண்டியில் பேசுவது ஒரு தப்பு என்று அப்போது யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அது வாரத்தில் ஒருமுறை நடக்கும் அதிசயம்.

வியாழக்கிழமையே நான் பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துவிடுவேன். டெஸ்ட் மார்க், பூனை போட்ட குட்டி, பக்கத்து பெஞ்சுக்காரி செய்த அநியாயம் என்று ஏகப்பட்டது இருக்கும். போன் கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோய், “அத்தா, சாப்டீங்களா?” என்பேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். சாப்பிட்டிருக்க முடியாது. ஆனாலும், “சாப்டேம்மா” என்பார். அதைக் கேட்டுவிட்டால் எனக்கு அந்த வாரம் ஓடிவிடும்.

அந்தத் தை மாதம் கரைச் சாலை நெடுக நெல் கிடந்தது. தார்ச் சாலையில் நெல் காயப்போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். களத்தைவிடத் தாரின் சூட்டில் சீக்கிரம் காயும். பாதிச் சாலைக்குப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரமாகச் செங்கல்லும் கருங்கல்லும் அடுக்கிவிடுவார்கள். வருகிற வண்டிகள் மிச்சமிருக்கும் பாதியில் ஒதுங்கிப் போய்க்கொள்ள வேண்டும். நெல்லுக்காரர்கள் வெயிலில் காலாலேயே நெல்லைத் துழாவிக்கொண்டு நடப்பார்கள். வண்டிக்காரருக்கு இவர் தெரிந்தவர், இவருக்கு அவர் தெரிந்தவர், அந்த நம்பிக்கையில் எல்லாம் நடந்தது.

அன்று முதல் போன் என் அத்தாவுடையது. மாமா ஸலாம் சொன்னார், எதற்கோ சிரித்தார். “என்னைய ஏன் கேக்குறீங்க மச்சான், இந்தாங்க, ஒங்க மவகிட்டயே கேளுங்க” என்று திரும்பி நீட்டினார். நான் பின்வரிசையில் இருந்தேன். கை எட்டவில்லை. மாமா இன்னும் கொஞ்சம் திரும்பினார்.

முதலில் அடியில் ஒரு கல் இடித்தது. உடனே சக்கரத்துக்குக் கீழே நெல் சரசரத்தது. மாமா பிரேக்கை மிதித்தார், நெல்லின்மேல் பிரேக் என்ன செய்யும்? வேன் வழுக்கிக்கொண்டே போய், முதுகைக் காட்டிக்கொண்டு பலகையால் நெல்லை இழுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை இடித்துத் தள்ளி, கரைச் சரிவில் இறங்கி, ஒரு நாவல் மரத்தில் முட்டி நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஆறு. மேட்டூர் அணையை இன்னும் மூடாத சமயம், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருவரும் சாகவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். என் உதடு கிழிந்தது. பக்கத்து வீட்டுச் சின்னப் பையனின் நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. நெல்லுக்கார அம்மா விழுந்த இடத்திலிருந்தே, “புள்ளைங்களப் பாருங்க, புள்ளைங்களப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரால் எழுந்திருக்க முடியவில்லை என்பது எங்களுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் சீட்டுக்கு அடியில் எங்கேயோ அத்தாவின் குரல் கேட்டது. “என்னம்மா, என்னம்மா ஆச்சு, யாராவது பேசுங்க” என்று கத்திக்கொண்டிருந்தார். நான் குனிந்து தேடி எடுப்பதற்குள் லைன் போய்விட்டது.

நெல்லுக்கார அம்மாவை ஒரு காரில் ஏற்றித் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்களை அவரவர் வீட்டில் விட்டார்கள். அன்று மத்தியானத்துக்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது: ரோட்டில் நெல் போட்டது தப்பு, அதோடு வேன்மேல் யார் கண்ணோ பட்டிருக்கிறது. மாமா பேரில் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா என் உதட்டைத் துடைத்து மருந்து போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பூத்துக்குப் போனாள்.

பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மாவும் அவள் இடுப்பை ஒட்டிக்கொண்டு நானும் நின்றோம். அந்த ரிசீவரில் பேசுவது பக்கத்தில் நிற்கிறவருக்கும் நன்றாகக் கேட்கும். போனை எடுத்ததும் அத்தா அழுதார். அம்மா நிதானமாக, “புள்ளைங்க எல்லாம் நல்லாருக்கு. இவளுக்கு ஒதடுதான் கிழிஞ்சிருக்கு. அழாதீங்க” என்றாள்.

“சத்தத்தக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நல்லவேளை, எதுத்தாப்புல வண்டி எதுவும் வரல” என்றார் அத்தா.

அம்மா ரிசீவரை இன்னும் அழுத்திக் காதில் வைத்தாள். “காலையில எங்கேர்ந்து பேசுனீங்க?” என்று கேட்டாள்.

“வண்டியிலதான். தொழுதுட்டு எடுத்துருவேன்ல.”

“ஓட்டிக்கிட்டே பேசுனீங்களா?”

“நேர் ரோடுதானே. ரெண்டு பக்கமும் மணலு. எப்பவும் அப்படித்தான் பேசுறது.”

“இப்ப?”

அவர் பதில் சொல்வதற்குள் ரிசீவருக்குள் ஒரு லாரி ஹாரன் நீளமாக அலறியது. அம்மா ரிசீவரை வைத்துவிட்டாள். நான் என் முறைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கூண்டை விட்டு வெளியே வந்து, அடுத்து நின்ற பெண்ணுக்கு வழிவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது சொன்னால் சிரிப்பார்கள். காலையில் கைக்கெட்டாமல் போன போன், மத்தியானமும் போனது. உதடு கிழிந்தவள் நான். பேசக் கொடுத்திருந்தால் என்ன? அத்தாவோடு ஏதோ சண்டை போடுகிறாள், அந்தச் சண்டையில் என்னைப் பட்டினி போடுகிறாள் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை என்பது இன்னும் பெரிய அவமானமாக இருந்தது.

மறுநாள் மாமா வேனை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்தார். மோதினாரிடம் ஓதி வாங்கிய கறுப்புக் கயிறு கையில் இருந்தது.

“வண்டிக்கு ஓதியாச்சு, ஒன் காதுக்கு யாருடா ஓதுறது?” என்றாள் அம்மா. “அந்தப் போனை எடு.”

“ரோட்டுல நெல்லக் கொட்டி வச்சா யாரு ஓட்டுனாலும் இப்படித்தாங்க்கா ஆவும்.”

“போன வருஷம் நம்ம நெல்லு எங்கடா காஞ்சிது? அந்தக் கல்லெல்லாம் யாரு அடுக்குனது?”

எங்களுக்கும் அரை வேலி நிலம் உண்டு, அந்த நெல்லும் அதே கரையில்தான் காய்ந்தது. மாமா வேறு பக்கமாகப் பேச்சை மாற்றினார். “அப்ப எனக்கு ஓட்டத் தெரியாதுங்கிற?”

“ரொம்ப நல்லா ஓட்டுற. அதாண்டா எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லிப் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அதோடு விட்டிருந்தால் அவள் என் அம்மா இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரின் நெல் கரைமேல் அரைகுறையாகக் கிடந்தது. அவருக்கு ஒரு மகள், அவளும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். அந்த நெல் காய்ந்து மூட்டையாகும்வரை மாமாதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டாள். வேன் இல்லாமல் சும்மா இருந்த மாமா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நெல்லைத் துழாவினார். ஊரே வேடிக்கை பார்த்தது. டிரைவர் துரை நெல் மிதிக்கிறார் என்று கேலி பேசினார்கள். மாமா முறைத்துக்கொண்டே மிதித்தார். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காலில் ஒட்டியிருந்த தூசைக்கூடக் கழுவாமல் சமையலறை வாசலில் நின்றார்.

“ஒருத்தனும் ரோட்டப் பாத்து ஓட்டலக்கா” என்றார். “மினிபஸ்ஸுக்காரன் கண்டக்டர்கிட்ட பேசிக்கிட்டே வர்றான். டூவீலர்ல ஒருத்தன் வயலப் பாத்துக்கிட்டு வர்றான். நான் ரெண்டு தடவ சரிவுல குதிச்சேன்.”

அம்மா அவருக்குச் சோறு போட்டாள். “இன்னொரு மீன் வைக்கவா?” என்று கேட்டாள்.

வேன் தயாராகி வந்தது. முதல் நாள் காலையில் அம்மா புர்காவை மாட்டிக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இனிமேல் பள்ளிக்கூடம் வரைக்கும் அவளும் வருவாளாம். மாமா கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். எதிரே வந்தவர்கள் கை காட்டினார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாமா அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ரோட்டையே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்து, உங்கம்மாவுக்கும் யூனிபார்ம் எடுத்தாச்சா என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. வேன் கரை ஏறியது. போன் இல்லை. அந்தக் கரை முடிகிறவரை பிள்ளைகள் எல்லோரும் மாமாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் மட்டும், “அத்தா எங்க?” என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டான். அவன் பிறந்த பிறகு அவனுடைய அத்தா ஊருக்கு வரவே இல்லை. கம்பெனி லீவு கொடுக்கவில்லையாம். அவனுக்கு அத்தா என்றால் அந்தப் போன்தான்.

அன்று சாயங்காலம் தெருப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பையனின் அம்மாதான் முதலில் பேசினார். “ஒங்க வீட்டுக்காரரோட நீங்க பேச மாட்டீங்கன்னா அது ஒங்க இஷ்டம். எம்புள்ள அவங்க அத்தா சத்தத்தக் கேக்கக் கூடாதா? இதுல ஒங்களுக்கு என்ன சந்தோஷம்?” என்று கேட்டுவிட்டு அழுதார். நான் மனசுக்குள் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

அம்மா அந்தப் பையனை இழுத்து மடியில் உட்கார வைத்து, நெற்றியில் இன்னும் பச்சையாக இருந்த வீக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். “கேக்கணும். கண்டிப்பாக் கேக்கணும். ஆனா அவங்க அத்தா ஊரு வர்றப்ப இவன் இருக்கணும். கேக்குறதுக்கு அவருக்கும் புள்ள வேணும்ல. எனக்குக் கொஞ்சம் டயம் குடுங்க, வேன்ல இல்லாம வேற எடத்துல பேச வைக்கிறேன். முடியலன்னா இந்தப் போன நீங்களே எடுத்துட்டுப் போங்க.” அவர்கள் அரைமனதாகக் கிளம்பிப் போனார்கள்.

அவள் கண்டுபிடித்த வழி மிகச் சாதாரணமானது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் எங்களை விட்டால், பூத்துக்கு வந்து நாங்களும் பேசலாம். ஆனால் பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர் சட்டம் பேசுகிறவர். அம்மா போய்க் கேட்டபோது நானும் ஆபீஸ் வாசலில் நிறுத்தப்பட்டிருந்தேன்.

“உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா” என்றார் சிஸ்டர்.

“அப்பா ஊருல இருக்கற புள்ளைங்க எதுக்குக் கேக்கப் போகுது சிஸ்டர்?”

சிஸ்டர் முடியாது என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். திரும்பி வந்தபோது அம்மா அதே பெஞ்சில் இருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது, அம்மா இருந்தாள். ஆயா வந்து பெருக்கினார், அம்மா காலைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். மதியம் லுஹர் தொழுகை நேரம் வந்ததும் மூலையில் ஒரு துணியை விரித்துத் தொழுதுவிட்டு மறுபடியும் அங்கேயே வந்து உட்கார்ந்தாள். எனக்கு வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. கடைசியில் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “அந்தச் சின்னப் பையனுக்கு நெத்தி எப்படி இருக்கு?” என்று கேட்டார். அம்மா முழுவதையும் சொன்னாள். போன், கரை, நெல், நாவல் மரம், எதையும் மறைக்கவில்லை. தன் தம்பி பேரில் தப்பு என்பதையும் சொன்னாள். சிஸ்டர் கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். விட்டுப்போன பாடத்தைத் திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூத்தில் திருவிழாக் கூட்டம். பெண்கள் ஒருபக்கம், யூனிபார்மோடு நாங்கள் ஒருபக்கம். முதலில் பக்கத்து வீட்டுப் பையன் பேசினான். பேசினான் என்றா சொல்வது? ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டான். அவனுடைய அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. போன் அடித்தது. அம்மா எடுத்தாள். ஸலாம் சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சத்தத்தைத் தேடுகிறவள் போலக் கேட்டாள். அப்புறம், “வண்டி நிக்குதா?” என்றாள்.

அத்தா என்னவோ சொன்னார். அம்மா ரிசீவரை வைத்துவிட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் முழுக்க மானத்தை வாங்கி, ஊரையே கூட்டி, கடைசியில் போனை வைக்கிறாள் என்றால் இவள் என்ன பெண்பிள்ளை? பூத்துக்காரர்கூட, “ஏம்மா, பாவம் அவரு” என்றார். அம்மா அசையவில்லை. கூண்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அடுத்து நின்றவர்களைக் கையால் தடுத்துவிட்டாள். விரல்கள் மட்டும் புர்கா நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மணி அடித்தது.

“நிக்குதா? எறங்கிட்டீங்களா? கதவச் சாத்துங்க, எனக்குக் கேக்கணும்.”

அந்தப் பக்கம் லாரிக் கதவு தடாலென்று சாத்திய சத்தம் எனக்கே கேட்டது. அதற்கப்புறம் காற்று வீசும் சத்தம் மட்டும் வந்தது. அம்மா அதற்குப் பிறகுதான் ஸலாம் சொன்னாள். “இந்தாங்க, ஒங்க மவ” என்று ரிசீவரை என் காதில் வைத்தாள்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, “அத்தா, அம்மாவுக்கு ஒங்க மேல ரொம்பக் கோவம்” என்றேன்.

அத்தா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. காற்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று பயந்து, “அத்தா, அத்தா” என்று கூப்பிட்டேன்.

“இருக்கேம்மா” என்றார். “கோவமாவே இருக்கச் சொல்லு.”

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவள் சட்டென்று கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். நான் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு வருஷமாக நேரில் பார்க்காத மனிதரிடம் இவள் முதலில் லாரியைப் பற்றிக் கேட்கிறாள். அவரோ கோபம் ஆற வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார். ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு இவ்வளவு கோபம் இருந்தால், அத்தா இனிமேல் ஊருக்குத் திரும்பி வருவாரா என்றுதான் நான் அன்றைக்கெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.